சாம்பலுக்குள் உறங்கிய நகரம்

இத்தாலிக்குச் செல்லும் சுற்றுப்பயணிகளின் பட்டியலில் ரோம் நகரின் கொலோசியமும் பீசாவின் சாய்ந்த கோபுரமும் வெனிஸ் நகரின் கால்வாய்களும் தவறாமல் இடம்பெறும். அவை யாவும் மக்கள் இடைவிடாமல் வாழ்ந்துவரும் ஊர்களில் நிற்பவை. நாட்டின் தென்பகுதியில், நேப்பிள்ஸ் நகருக்கு அருகே உள்ள பொம்பெய் அப்படிப்பட்டதன்று. அது வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் இரண்டே நாளில் புதைந்துபோன நகரம். ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்கடியில் கிடந்தது. புதைந்து கிடந்தவரை வெயிலோ மழையோ அதைத் தீண்டவில்லை. வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அது மெல்ல மெல்ல அழியத் தொடங்கியது. அந்த அழிவைத் தடுக்க இன்று அறிஞர்கள் போராடி வருகின்றனர்.

அன்று நடந்தது என்ன?

கி.பி. 79ஆம் ஆண்டில் பொம்பெய் ஒரு செழிப்பான ரோமானிய வணிக நகரமாக விளங்கியது. அங்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். எரிமலை மண் வளமானது என்பதால் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் செழித்திருந்தன. வடமேற்கே பத்துக் கிலோமீட்டர் தொலைவில் நின்ற வெசூவியஸ் மலையைக் கண்டு அம்மக்கள் அஞ்சவில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெரும் நிலநடுக்கம் அந்நகரை உலுக்கியிருந்தது. அது எரிமலை விடுத்த எச்சரிக்கை என்பதை அக்காலத்தில் எவரும் உணரவில்லை. இடிந்த கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பணி நடந்துகொண்டிருந்தபோதே மலை வெடித்தது.

முதலில், மலையுச்சியிலிருந்து குடை விரித்த பைன் மரம் போன்ற ஒரு மாபெரும் மேகம் வானில் எழுந்தது. அதிலிருந்து நுரைக்கற்கள் மழைபோல் பொழிந்தன. பல மணி நேரம் விடாமல் விழுந்த அந்தக் கற்களின் பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. பலர் உயிர் தப்ப ஓடினர். வேறு சிலர் வீட்டுக்குள் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணித் தங்கிவிட்டனர். மறுநாள் காலையில் கடும் வெப்பமுடைய வாயுவும் சாம்பலும் கலந்து புயல்வேகத்தில் மலையிலிருந்து பாய்ந்து வந்தன. தங்கியவர்களுக்குத் தப்ப வழியே இல்லாமற்போனது.

இந்நிகழ்வை நேரில் கண்டவர்களுள் இளைய பிளினி என்னும் பதினேழு வயது இளைஞரும் ஒருவர். அவர் விரிகுடாவின் மறுகரையில் இருந்த மிசேனும் என்னும் ஊரிலிருந்து அதைப் பார்த்தார். பின்னாளில், வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு அவர் எழுதிய இரு கடிதங்களே இந்த எரிமலை வெடிப்பைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள நேரடிச் சான்றுகள். அவருடைய மாமா மூத்த பிளினி, ரோமானியக் கடற்படையின் தளபதி. அறிவியல் நாட்டமும் மிகுந்தவர். அவர் கரையோரத்தில் சிக்கியவர்களை மீட்கக் கப்பல்களுடன் புறப்பட்டார். மீட்கப் போன இடத்திலேயே அவர் உயிரிழந்தார்.

தெருக்கள் சொல்லும் செய்திகள்

நேப்பிள்ஸிலிருந்து இரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில் பொம்பெயை அடையலாம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுபவை அரண்மனைகள் அல்ல, சாதாரணத் தெருக்கள். கருங்கல் பாவிய அத்தெருக்களில் வண்டிச் சக்கரங்கள் உருண்டு உருண்டு ஏற்பட்ட பள்ளங்கள் இன்றும் ஆழமாகத் தெரிகின்றன. தெருவின் குறுக்கே உயரமான கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. தெருவில் நீரும் கழிவும் ஓடும்போது கால் நனையாமல் கடக்க அவை உதவின. கற்களுக்கு இடையே வண்டிச் சக்கரங்கள் செல்வதற்கு இடைவெளியும் விடப்பட்டுள்ளது.

தெருமுனைகளில் பொதுக் குடிநீர்த் தொட்டிகள் நிற்கின்றன. நீர் பிடிக்க வந்தவர்கள் நாள்தோறும் கையூன்றியதால் அவற்றின் விளிம்புக் கல் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. ஒரு ரொட்டிக்கடையின் அடுப்பில், வேகவைக்க வைத்த 81 ரொட்டிகள் கரியாகிப்போன நிலையில் அப்படியே கிடைத்தன. ஒரு வீட்டு வாசலில், சங்கிலியால் கட்டப்பட்ட நாயின் உருவமும் 'நாய் இருக்கிறது, எச்சரிக்கை' என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்களும் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டுள்ளன. சுவர்களில் தேர்தல் வேட்பாளர்களுக்கு ஆதரவு கேட்டுத் தீட்டப்பட்ட விளம்பரங்கள் உள்ளன. யாரோ கிறுக்கிய கேலிச் சொற்களும் இருக்கின்றன.

நகரின் ஓரத்தில் உள்ள வட்டரங்கம், கல்லால் கட்டப்பட்டு இன்றுவரை எஞ்சியிருக்கும் ரோமானிய வட்டரங்குகளுள் மிகப் பழமையானது. அதில் ஏறத்தாழ 20,000 பேர் அமர்ந்து பார்க்கலாம். கி.பி. 59இல் அங்கு நடந்த ஒரு போட்டியின்போது உள்ளூர் இரசிகர்களும் அண்டை ஊரான நுசேரியாவின் இரசிகர்களும் கைகலப்பில் இறங்கினர். பலர் உயிரிழந்தனர். அதனால், பத்தாண்டுகளுக்கு அங்குப் போட்டிகளை நடத்த ரோம் தடை விதித்தது. இன்றைய காற்பந்துத் திடல்களில் நடக்கும் கலவரச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இச்சம்பவம் அயலானதாகத் தோன்றாது.

இவ்வாறு, மன்னர்களையும் போர்களையும் பற்றி மட்டும் கூறும் வரலாற்று நூல்களில் காண முடியாத எளிய மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பொம்பெய் காட்டுகிறது. அதுவே அந்நகரின் தனிச்சிறப்பு.

கடல் கடந்து வந்த சிலை

1938ஆம் ஆண்டில் பொம்பெயின் ஒரு வீட்டிலிருந்து யானைத்தந்தத்தில் செதுக்கிய ஒரு சிறு சிலை கிடைத்தது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமுள்ள அது, அணிகலன்கள் பூண்ட ஒரு பெண்ணின் உருவம். அதன் வேலைப்பாடு இந்தியாவைச் சேர்ந்தது. அதை இலட்சுமியின் சிலை என்று சிலரும் இயக்கியின் சிலை என்று சிலரும் கருதுகின்றனர். இப்போது அது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தியச் சிலை இத்தாலிக்கு எப்படிச் சென்றது? அக்காலத்தில் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் பருவக்காற்றின் துணையுடன் இந்தியக் கரைக்கு வந்தன. மிளகு, முத்து, தந்தம் போன்ற பொருள்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. சேர நாட்டின் முசிறித் துறைமுகத்தில் யவனர்கள் மிளகு வாங்கியதைச் சங்கப் பாடல்கள் குறிப்பிடுகின்றன. அதே துறைமுகத்தைத் தம் நூலில் குறிப்பிட்ட ரோமானியர்களுள் ஒருவர், எரிமலை வெடிப்பில் உயிரிழந்த மூத்த பிளினி. இந்திய வணிகத்தால் ரோமின் செல்வம் ஆண்டுதோறும் பெருமளவில் வெளியேறுவதாக அவர் அதில் வருந்தியுள்ளார். அவர் குறைபட்டுக்கொண்ட அந்த வணிகம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு, அவர் உயிரைப் பறித்த அதே சாம்பலிலிருந்து கிடைத்த இச்சிலை சான்றாகிறது.

வெற்றிடத்தில் தோன்றிய உருவங்கள்

1590களில் கால்வாய் வெட்டியவர்கள் இந்நகரின் ஊடாகவே தோண்டிச் சென்றனர். ஆயினும், தங்கள் காலடியில் ஒரு நகரமே இருப்பதை அவர்கள் அறியவில்லை. முறையான தோண்டும் பணி 1748இல்தான் தொடங்கியது. அக்காலத்தில் நேப்பிள்ஸ் மன்னருக்கு வேண்டியிருந்தவை அழகிய சிலைகளும் ஓவியங்களுமே. எனவே, சுவர் ஓவியங்கள் வெட்டியெடுக்கப்பட்டு அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஒரு பொருள் எந்த அறையில், எதன் அருகில் இருந்தது என்னும் குறிப்புகள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அவற்றுடன் சேர்ந்து, அவை சொல்லியிருக்கக்கூடிய செய்திகளும் தொலைந்துபோயின.

இந்நிலையை மாற்றியவர் ஜுசெப்பே ஃபியோரெல்லி என்னும் தொல்லியல் அறிஞர். அவர் நகரை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்தார். மண்ணை அடுக்கடுக்காக, மேலிருந்து கீழாக அகற்றச் செய்தார். கெட்டிப்பட்ட சாம்பலில் ஆங்காங்கே வெற்றிடங்கள் இருப்பதைக் கண்ட அவர், 1863இல் அவற்றுள் நீர்மமான சாந்தை ஊற்றி இறுக விட்டார். சுற்றியிருந்த சாம்பலை அகற்றியபோது மனித உருவங்கள் வெளிப்பட்டன. இறந்தவர்களின் உடல்கள் மக்கிப்போனாலும் அவற்றின் வடிவம் சாம்பலில் அச்சாகப் பதிந்திருந்தது. முகத்தைக் கையால் மூடியவர்கள், ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டவர்கள், சங்கிலியை அறுக்க முடியாமல் துடித்த ஒரு நாய் எனக் காண்போர் நெஞ்சை உருக்கும் வார்ப்புகள் அவை. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வார்ப்புகள் எடுக்கப்பட்டுள்ளன.

ஆயினும், கண்ணால் காண்பதும் பொய்யாகலாம். ஒரு வீட்டில், கையில் தங்கக் காப்பு அணிந்த ஒருவர் ஒரு குழந்தையுடன் இறந்து கிடந்தார். அவரைத் தாய் என்றே பல ஆண்டுகள் நம்பினர். 2024இல் வெளியான மரபணு ஆய்வு அந்த நம்பிக்கையை மாற்றியது. காப்பு அணிந்தவர் ஓர் ஆண் என்றும் அவருக்கும் குழந்தைக்கும் இரத்த உறவு இல்லை என்றும் தெரியவந்தது. எலும்புகள் சாந்துக்குள் பத்திரமாக இருந்ததால்தான் இந்த உண்மையை அறிய முடிந்தது. ஃபியோரெல்லியின் காலத்தில் மரபணு ஆய்வு என்னும் சொல்லே கிடையாது.

இரண்டாவது அழிவு

தோண்டியெடுக்கப்பட்ட நாள்முதல் பொம்பெய் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. மண்ணுக்குள் மங்காமல் இருந்த சுவர் வண்ணங்கள் வெளுக்கின்றன. சுவர் இடுக்குகளில் முளைக்கும் செடிகளின் வேர்கள் கற்களைப் பிளக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், நேச நாடுகளின் விமானங்கள் வீசிய குண்டுகள் நூற்றுக்கும் மேல் அங்கு விழுந்தன. அங்கிருந்த அருங்காட்சியகமும் பல வீடுகளும் சேதமுற்றன. எரிமலை விட்டுவைத்ததை மனிதர் அழித்தனர்.

2010 நவம்பர் 6ஆம் நாள், கனமழைக்குப் பிறகு, கிளேடியேட்டர் வீரர்களுடன் தொடர்புடைய ஒரு கட்டடம் முழுமையாக இடிந்து விழுந்தது. அது முன்பே குண்டுவீச்சில் சேதமுற்று, கனமான காங்கிரீட் கூரையுடன் புதுப்பிக்கப்பட்ட கட்டடம். காக்கும் எண்ணத்தில் வைத்த கூரையே பழைய சுவர்களுக்குப் பாரமாயிற்று என்று பலர் சுட்டிக்காட்டினர். அந்த இடிபாடு உலகச் செய்தியானது. உலக மரபுச் சின்னமாக 1997இல் அறிவிக்கப்பட்ட ஓர் இடம் இப்படிச் சரியலாமா என்னும் கேள்வி எழுந்தது. அதன் விளைவாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 105 மில்லியன் யூரோ மதிப்பிலான மாபெரும் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

இன்று அங்கு நடைபெறும் பாதுகாப்புப் பணிகள் பலவகைப்பட்டவை. மழைநீர் வடிகால்கள் சீர்செய்யப்பட்டுள்ளன. ஆளில்லா வானூர்திகள் மேலிருந்து படம்பிடித்துச் சுவர்களின் விரிசல்களைக் காட்டுகின்றன. புல் மண்டிய பகுதிகளில் செம்மறியாடுகள் மேய்கின்றன. அவை புல்லையும் செடிகளையும் வேரூன்ற விடாமல் தின்பதால் இயந்திரமோ நச்சு மருந்தோ தேவைப்படுவதில்லை. புதிய தொழில்நுட்பமும் பழைய வழக்கமும் அங்குக் கைகோத்துச் செயல்படுகின்றன.

தோண்டாமல் விட்ட பகுதி

பொம்பெயின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 66 ஹெக்டர். அதில் மூன்றில் ஒரு பகுதி இன்னும் தோண்டப்படவில்லை. பணமோ கருவியோ இல்லாததால் மட்டும் அது அப்படியே விடப்படவில்லை. அறிஞர்கள் வேண்டுமென்றே அதை மண்ணுக்குள் விட்டுவைத்துள்ளனர். தோண்டுவது ஒரு முறைதான் செய்யக்கூடிய செயல். ஒரு முறை அகற்றிய சாம்பல் அடுக்கை மீண்டும் பழையபடி அடுக்கிவைக்க முடியாது. அதில் இருந்த விதை, மகரந்தம், எலும்புத்துண்டு ஆகியவற்றைக் கவனிக்கத் தவறினால் இழப்பு நிரந்தரமாகிவிடும்.

இதற்கு அருகில் உள்ள ஹெர்குலேனியம் நகரமே சிறந்த எடுத்துக்காட்டு. அதுவும் அதே வெடிப்பில் புதைந்தது. 1750களில் அங்குள்ள ஒரு மாளிகையிலிருந்து நூற்றுக்கணக்கான பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. அவை வெப்பத்தால் கரிக்கட்டைபோல் ஆகியிருந்தன. ஆர்வ மிகுதியால் அவற்றைப் பிரிக்க முயன்றபோது பல சுருள்கள் தூள்தூளாயின. பிரிக்காமல் விட்டுவைத்தவை மட்டும் தப்பின. 2023இல், அத்தகைய ஒரு சுருளைப் பிரிக்காமலேயே ஊடுகதிர்ப் படங்களாலும் கணினியின் செயற்கை நுண்ணறிவாலும் அதனுள் இருந்த ஒரு கிரேக்கச் சொல் படிக்கப்பட்டது. அச்சொல்லுக்கு ஊதா நிறம் என்று பொருள். அதைக் கண்டறிந்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். 270 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அந்தச் சுருளைப் பிரிக்காமல் வைத்ததால்தான் அது சாத்தியமானது.

இக்காரணத்தால், பொம்பெயில் இப்போது நடக்கும் அகழாய்வுகள் பெரும்பாலும் தேவை கருதியே நடத்தப்படுகின்றன. தோண்டிய பகுதிக்கும் தோண்டாத பகுதிக்கும் இடையே உள்ள மண்சரிவு சுவர்களை நெருக்கியதால், அதைச் சரிசெய்யும் பணியில் சில இடங்கள் தோண்டப்பட்டன. அப்போது, 2018இல், ஒரு சுவரில் கரித்துண்டால் எழுதப்பட்ட குறிப்பு கண்டெடுக்கப்பட்டது. அதில் அக்டோபர் 17 என்னும் நாள் இருந்தது. எரிமலை ஆகஸ்டு 24இல் வெடித்தது என்றே அதுவரை பாடநூல்கள் கூறிவந்தன. கரியெழுத்து நெடுநாள் நிலைக்காது. ஆகவே, வெடிப்பு அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில்தான் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று பலர் இப்போது கருதுகின்றனர். 2020இல் ஓர் உணவுக்கடை முழுமையாக வெளிப்பட்டது. அதன் முகப்பு மேடையில் வாத்தும் சேவலும் பளிச்சிடும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன. மேடையில் பதித்த மண்சாடிகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் இருந்தன. பழைய முறையில் அவசரமாகத் தோண்டியிருந்தால், சாடியின் அடியில் ஒட்டியிருந்த அந்த எச்சங்கள் குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும்.

பயணியின் பொறுப்பு

2024இல் நான்கு மில்லியனுக்கும் மேற்பட்டோர் பொம்பெயைக் காண வந்தனர். அவர்கள் செலுத்தும் கட்டணம் பராமரிப்புக்கு உதவுகிறது. எனினும், அத்தனை கால்களும் அதே பழைய கற்களின் மீதுதான் நடக்கின்றன. ஒருவர் சுவரைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. சிறு துளி பெருவெள்ளம் என்பதைப் போல, மில்லியன் கணக்கான கைகள் தொட்டால் ஓவியம் மறைந்துபோகும். எனவே, 2024 நவம்பர் 15 முதல் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி வழங்கப்படுகிறது. நுழைவுச்சீட்டில் பயணியின் பெயரும் குறிக்கப்படுகிறது.

சிலர் நினைவுப்பொருளாகக் கற்களையும் ஓட்டுத்துண்டுகளையும் இரகசியமாக எடுத்துச் செல்வதுண்டு. வியப்பூட்டும் வகையில், அவற்றுள் சில அஞ்சல் வழியாகத் திரும்பி வந்துள்ளன. எடுத்துச் சென்ற நாள்முதல் தங்களுக்குத் துன்பமே நேர்ந்ததாக அவர்கள் மன்னிப்புக் கடிதமும் எழுதுகின்றனர். சாபம் என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால், உண்மையான இழப்பு ஒன்று உண்டு. இருந்த இடத்திலிருந்து பிரிந்த துண்டு, எந்தச் சுவரைச் சேர்ந்தது என்று தெரியாமல் வெறும் கல்லாகிவிடுகிறது. திருப்பி அனுப்பினாலும் அந்தச் செய்தி திரும்பி வருவதில்லை.

வெசூவியஸ் இன்னும் உயிர்ப்புள்ள எரிமலை. அது கடைசியாக 1944இல் வெடித்தது. இன்று, அதன் மிகுந்த ஆபத்துக்குரிய பகுதியில் 600,000க்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். 1841இல் நிறுவப்பட்ட எரிமலை ஆய்வகம் அதன் ஒவ்வோர் அசைவையும் கவனித்து வருகிறது. அன்று நிலநடுக்கத்தின் பொருளை அறியாத மக்கள் இடிந்த சுவர்களைக் கட்டிக்கொண்டிருந்தனர். இன்றைய மக்களுக்கு அந்தப் பொருள் தெரியும். அதை அவர்களுக்குக் கற்பித்ததில் பொம்பெய்க்கும் பங்கு உண்டு.

பொம்பெய்க்குச் செல்லும் பயணி, தேய்ந்த தொட்டியின் விளிம்பையும் ரொட்டிக்கடையின் அடுப்பையும் பார்த்துவிட்டு, நடைபாதையின் முடிவில் புல் மூடிய ஒரு மேட்டைக் காண்பார். அங்குப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பலரும் திரும்பிவிடுவர். அந்த மேட்டுக்கடியில் இன்னும் எவரும் காணாத வீடுகளும் தெருக்களும் இருக்கின்றன. இன்றைய அறிஞர்கள் தங்கள் ஆவலை அடக்கிக்கொண்டு, இன்னும் பிறவாத அறிஞர்களுக்காக அவற்றை விட்டுவைத்துள்ளனர்.